மே மாதத்துக் குவாங்ஜு

2025 மே 15, வியாழன், இரவு

சியோலின் யொங்சான் நிலையத்தில் ஏறினால் அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் குவாங்ஜுவில் இறக்கிவிடுகிறது. வழி நெடுக நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள். 1980-இல் இங்கே மக்கள் போராட்டத்தை ராணுவம் நசுக்கிய பத்து நாட்களில் (மே 18 முதல் 27 வரை) பெரும்பகுதி இந்த ஊருக்கு ரயில் கிடையாது, பஸ் கிடையாது, வெளியூர் தொலைபேசியும் கிடையாது. ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்ததெல்லாம் ராணுவம் சொன்ன கதை: வன்முறைக் கும்பல் ஒன்று ஊரைப் பிடித்துக்கொண்டது, வடகொரிய ஒற்றர்கள் தூண்டிவிடுகிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தென்கொரியாவைப் பதினெட்டு ஆண்டுகள் ஆண்ட சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீயை 1979 அக்டோபர் 26 அன்று அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார். இனியாவது ஜனநாயகம் வரும் என்று மக்கள் நம்பினார்கள். டிசம்பர் 12 அன்று ஜெனரல் சுன் டூ-ஹ்வான் ராணுவத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1980 மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரித்தார். நாடாளுமன்றம் முடக்கப்பட்டது, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, எதிர்க்கட்சித் தலைவர்களை இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போனார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் கிம் டே-ஜங். இந்த ஜொல்லா வட்டாரத்தின் மண்ணின் மைந்தர். மறுநாள் காலை ஜொன்னம் பல்கலைக்கழக வாசலில் திரண்ட மாணவர்கள் ராணுவச் சட்டத்தை நீக்கு என்று முழக்கமிட்டார்கள். கையில் ஒன்றுமில்லை. எதிரே நின்றவை எதிரி நாட்டுக்குள் குதித்துப் போரிடப் பயிற்சி பெற்ற வான்குடைப் படைகள்.

சாயங்காலம் அந்த வாசலுக்குத்தான் முதலில் போனேன். பாடம் முடிந்து மாணவர்கள் காபிக் கோப்பையும் கைபேசியுமாக வந்துகொண்டிருந்தார்கள். வாசல் பக்கத்தில் ஒரு நினைவுக் கல். அதில் 5·18 (மே 18) போராட்டம் தொடங்கிய இடம் என்று இருப்பதாகச் சொன்னார், இங்கே ஆராய்ச்சி செய்யும் நம் ஊர்த் தம்பி ஒருவர். அடுத்த சில நாட்களுக்கு எனக்கு வாயும் காதும் அவர்தான்.

மே 16, வெள்ளி

இன்று முழுக்கக் கும்நாம் சாலை. ஊரின் நடு முதுகெலும்பு மாதிரி நீண்டு போய் முன்னாள் மாகாண அரசு அலுவலகத்தின் முன்னால் முடிகிறது. அத்தனையும் நடந்தது இந்த ஒரு சாலையில்தான் என்று சொல்லிவிடலாம்.

பழைய கத்தோலிக்க மையக் கட்டடத்தை இப்போது 5·18 ஆவணக் காப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். இங்குள்ள ஆவணங்களை 2011-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உள்ளே போனதும் குண்டு துளைத்த ஒரு ஜன்னல் கண்ணாடி; பக்கத்தில் இருந்த வங்கியிலிருந்து எடுத்து வந்தது. ஓட்டையிலிருந்து விரிசல்கள் நாலா பக்கமும் ஓடியிருக்கின்றன. அதைத் தாண்டிப் போனால் மருத்துவமனைப் பதிவுகள், கையெழுத்துத் துண்டறிக்கைகள், சாதாரண மக்களின் நாட்குறிப்புகள். ஒரு ஆறாம் வகுப்புச் சிறுமி எழுதிய நாட்குறிப்பும் இருக்கிறது. ஊரில் என்ன நடக்கிறது என்று புரியாமல், பயமாக இருக்கிறது என்று மட்டும் புரிந்து எழுதிய பக்கங்கள். அவளைப் போன்ற குழந்தைக்குப் புரிந்தது, சியோல் பத்திரிகைகளில் வரவில்லை.

அங்கே என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது மே 20 அன்று உள்ளூர் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர்கள் கூட்டாக எழுதிய ராஜினாமாக் கடிதம். தம்பி நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்: "நாங்கள் பார்த்தோம். மனிதர்கள் நாயைப் போல இழுத்துச் செல்லப்பட்டுச் சாவதை எங்கள் இரண்டு கண்ணாலும் தெளிவாகப் பார்த்தோம். ஆனால் பத்திரிகையில் ஒரு வரிகூடப் போட முடியவில்லை. அதனால் வெட்கப்பட்டுப் பேனாவைக் கீழே வைக்கிறோம்."

தணிக்கை அதிகாரி வெட்டாமல் ஒரு வரி அச்சேறாது என்ற நிலை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? முதலில் இறந்தவரைப் பற்றி எழுதியிருக்கலாம். காது கேளாத, வாய் பேசாத இளைஞர். செருப்புத் தைக்கும் தொழிலாளி. கைக்குழந்தைக்குத் தகப்பன். மே 18 அன்று தெருவில் போய்க்கொண்டிருந்தவரைச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டார்கள். கேட்ட கேள்வி காதில் விழாதவர் எப்படிப் பதில் சொல்வார்? தன் நிலையைக் காட்டும் அட்டையை எடுத்து நீட்டினார். நடிக்கிறான் என்று மேலும் அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அவர் முழக்கமே போடவில்லை. போட வாயும் இல்லை. கலகத்தை அடக்கினோம் என்று சொன்ன அரசு முதலில் கொன்றது இப்படிப்பட்ட ஒருவரை.

மே 20 மாலை நடந்ததையும் எழுதியிருக்கலாம். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன டாக்சி ஓட்டுநர்களையும் சிப்பாய்கள் அடித்துப் போட்டிருந்தார்கள். அதனால் ஓட்டுநர்கள் மூடுங் விளையாட்டரங்கில் கூடி, நூற்றுக்கணக்கான வண்டிகளோடு முன்விளக்கை எரியவிட்டு, ஹாரனை அழுத்தியபடி இந்தக் கும்நாம் சாலைக்குள் வந்தார்கள். முன்னால் பேருந்துகளும் லாரிகளும். அதுவரை ஒதுங்கி நின்ற ஊர் மொத்தமும் அந்த வண்டிகளுக்குப் பின்னால் தெருவில் இறங்கியது. அன்றிரவு மக்கள் ஒளிபரப்பு நிலையத்தையே கொளுத்தினார்கள்; தங்கள் வாசலில் பிணம் விழும்போது அது வழக்கமான நிகழ்ச்சிகளைக் காட்டிக்கொண்டிருந்த கோபம்.

சரி, அடுத்த கட்டடத்துக்கு வருகிறேன். ஜொனில் கட்டடம், பத்து மாடி. அந்தக் காலத்தில் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே உயரமானது. இடிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில் பத்தாவது மாடியில் குண்டுத் தடங்கள் இருப்பதைக் கவனித்தார்கள். தேசியத் தடயவியல் நிபுணர்கள் வந்து 245 தடங்களை எண்ணினார்கள். பிறகு தேடியதில் இன்னும் சில கிடைத்து 270 ஆனது. கட்டடத்தின் முகவரியும் கும்நாம் சாலை 245-ஆம் எண்தான். எப்படியோ பொருந்திவிட்டது. 2020 மே மாதத்தில் ஜொனில் 245 என்ற பெயரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

தூண்களிலும் தரையிலும் உள்ள ஒவ்வொரு தடத்துக்கும் எண் போட்டிருக்கிறார்கள். சில கட்டைவிரல் நுழையும் அளவு. சில வெறும் பிறாண்டல். ஒரே தூணில் மேலிருந்து கீழாகச் சாய்வாக விழுந்தவை வரிசையாக இருக்கின்றன. இங்கேதான் விஷயம். பத்தாவது மாடியின் தரையில் குண்டு சாய்வாக இறங்க வேண்டுமானால் சுட்டவன் அதற்கும் மேலே இருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டில் சுற்றிலும் அவ்வளவு உயரமான கட்டடம் எதுவும் இல்லை. ஆக, ஹெலிகாப்டரிலிருந்துதான் சுட்டிருக்கிறார்கள். சொந்த நாட்டு நகரத்தின் மேல், ஆகாயத்திலிருந்து.

இதை ஒரு பாதிரியார் 1980-களிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், சோ சொல்-ஹ்யொன் என்று பெயர். தன் கண்ணால் பார்த்ததாக நாடாளுமன்ற விசாரணையில் 1989-இல் சாட்சியும் சொன்னார். ராணுவம் மறுத்துக்கொண்டே இருந்தது. தடயவியல் முடிவு வந்தது 2017 ஜனவரியில். அவர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அதே 2017-இல் சுன் டூ-ஹ்வான் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டு, செத்துப்போன அந்த மனிதரை "முகமூடி போட்ட சாத்தான்" என்று எழுதினார். கொன்றது போதாது, கொன்றதைப் பார்த்தவனையும் பொய்யனாக்க வேண்டும். அவதூறு வழக்கில் 2020 நவம்பர் 30 அன்று எட்டு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. தீர்ப்பு வாசிக்கும்போது சுன் நாற்காலியில் தூங்கி விழுந்தார் என்று அன்றைய செய்திகள் எல்லாம் எழுதின. மேல்முறையீடு முடிவதற்குள் 2021 நவம்பர் 23 அன்று தன் வீட்டில் இறந்தார். ஒரு மன்னிப்பு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்வோம். இந்த ஊரில் அந்த மறைப்பு முப்பத்தேழு ஆண்டுகள் நடந்திருக்கிறது. ஓட்டை தூணிலேயே இருந்தது. பார்த்தவர் ஊரிலேயே இருந்தார். ஆனாலும் முப்பத்தேழு ஆண்டுகள்.

கீழே இறங்கியதும் தம்பி கேட்டார், "அக்கா, சாப்பிடப் போலாமா?" அப்போதுதான் மணி பார்த்தேன். நாலைத் தாண்டியிருந்தது.

மே 17, சனி

மாகாண அலுவலகம் தடுப்பு வேலிக்குள் இருக்கிறது. 1980-இல் இருந்தபடி மீட்டெடுக்கும் வேலை நடப்பதால் உள்ளே விடவில்லை. வெள்ளைக் கட்டடத்தின் மேல்பகுதி மட்டும் தெரிகிறது. இதன் வாசலில்தான் மே 21 பகல் ஒரு மணி வாக்கில் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலித்தது. அது ஒலிக்கும்போதே வான்குடைப் படை கூட்டத்தை நோக்கிச் சுடத் தொடங்கியது. தேசிய கீதத்துக்கு அசையாமல் நிற்கப் பழகிய மக்கள். கொரியர்கள் இதைச் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. கேட்ட எனக்கும் வயிறு பிசைந்தது.

சுட உத்தரவு போட்டது யார்? நான்கு ஆண்டுகள் விசாரித்த அரசின் உண்மை கண்டறியும் ஆணையம் 2024-இல் வேலையை முடித்தபோதும் இந்தக் கேள்விக்கு உறுதியான விடை தர முடியவில்லை. யாரும் உத்தரவு போடாமல் துப்பாக்கிகள் தாமாகவே வெடித்தன என்று நம்பச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ராணுவத்தின் பிடி யார் கையில் இருந்ததோ, அடுத்த சில மாதங்களில் அதிபர் நாற்காலியில் யார் போய் உட்கார்ந்தாரோ, அவர்தான் பொறுப்பு. காகிதம் கிடைக்கவில்லை என்பதால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகாது.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுதான் மக்கள் பக்கத்து ஊர்க் காவல் நிலையங்களிலிருந்து ஆயுதம் எடுத்தார்கள். இதைச் சொல்லியாக வேண்டும். பார்த்தீர்களா, அவர்களும் ஆயுதம் வைத்திருந்தார்கள் என்று சுன் ஆட்சி பிற்பாடு காட்டிய ஒரே சாக்கு இது. மூன்று நாட்கள் தடியடி, துப்பாக்கிமுனைக் கத்தி, அப்புறம் வாசலில் வைத்துச் சூடு. அதற்குப் பிறகு எடுத்த ஆயுதம். அன்று மாலை ராணுவம் ஊருக்கு வெளியே பின்வாங்கியது. 22 முதல் 26 வரை ஊரை மக்களே நடத்தினார்கள். காவல் இல்லாத நகரத்தில் வங்கி எதுவும் கொள்ளை போகவில்லை. மருத்துவமனைகளில் ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. எடுத்த துப்பாக்கிகளில் பெரும்பகுதியைப் பேச்சுவார்த்தைக் குழுவினர் கேட்டு வாங்கித் திரும்பச் சேர்த்தார்கள். 26 காலை டாங்கிகள் ஊருக்குள் வருகின்றன என்றதும் பெரியவர்கள் சிலர் வெறுங்கையோடு அவற்றை நோக்கி நடந்தே போனார்கள்.

அந்த ஐந்து நாட்களும் சந்தைப் பெண்கள் சமைத்துப் போட்டார்கள். யாங்டொங் சந்தை, டேயின் சந்தை. பெரிய அலுமினியப் பாத்திரங்களில் சோறு வடித்து, உப்புப் போட்டுக் கையால் உருண்டை பிடித்து, போகிற வருகிற எல்லோருக்கும். அந்தப் பாத்திரம் ஒன்றை நேற்று காப்பகத்தில் பார்த்தேன், விளிம்பு நசுங்கிப் போனது. சோற்றுருண்டையைக் கொரிய மொழியில் ஜுமொக்பாப் என்கிறார்கள்.

இன்று மாலை கும்நாம் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நினைவு நாளின் முன்னிரவு என்பதால் சாலை முழுக்க மக்கள், மேடை, மேளம். தார்ச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இளம்பெண்கள் பலர் கையில் ஒளிரும் குச்சிகள். கடந்த டிசம்பரில் சியோல் வீதிகளில் இதே குச்சிகள்தான் இருந்தன. 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சொக்-யொல் ராணுவச் சட்டம் அறிவித்ததும், படைகள் ஹெலிகாப்டரில் நாடாளுமன்றத்தில் இறங்கியதும், பொதுமக்கள் ஓடிப்போய் வாசலில் நின்றதும், உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய் 190 வாக்குகளால் அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓர் இரவுக்குள் அவ்வளவு பேர் அங்கே போய் நிற்க என்ன காரணம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவிடம் தம்பியை விட்டுக் கேட்டேன். எங்களுக்குத் தெரியுமே, அது வந்தால் என்ன ஆகும் என்று, என்றார். விளக்கமெல்லாம் சொல்லவில்லை. என் கையில் ஒரு சோற்றுருண்டையை வைத்தார். கடல்பாசித் தூள் தூவியிருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

நாளை மே 18. தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் நாளை முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவோம். அங்கே முடிந்தது ஒரு போர், இங்கே நசுக்கப்பட்டது ஒரு போராட்டம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. ஆனால் இந்தச் சோற்றை அரசு இங்கே பாதுகாப்புக் கொடுத்து நடுத்தெருவில் வழங்க விடுகிறது. அங்கே 2024-இல் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் எழுப்பிய நினைவுத் தூணை 2021 ஜனவரியில் இரவில் இடித்தார்கள். உப்புப் போட்ட கஞ்சிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டேன்.

மே 18, ஞாயிறு

நகரப் பேருந்து 518 நேராகத் தேசியக் கல்லறைக்குப் போகிறது. பேருந்துக்கே அந்த எண் கொடுத்திருக்கிறார்கள். அதிபர் தேர்தல் ஜூன் 3 என்பதால் இன்று வேட்பாளர்களும் கேமராக்களும் நிறைய. அரசு விழா முடிந்து கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து உள்ளே போனோம்.

விழாவில் எல்லோரும் எழுந்து நின்று பாடும் ஒரு பாட்டு உண்டு. அதன் பிறப்பு இங்கேயே இருக்கிறது. யூன் சாங்-வொன் என்பவர் போராட்டக்காரர்களின் செய்தித் தொடர்பாளர், 29 வயது. மே 26 அன்று வெளிநாட்டுச் செய்தியாளர்களை மாகாண அலுவலகத்தில் சந்தித்தார். அன்றிரவு ராணுவம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார், நீங்கள் உயிரோடிருந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார். விடியும் முன் ஒரு கல்லூரி மாணவி ஒலிபெருக்கியில், படை வருகிறது, எங்களை மறந்துவிடாதீர்கள் என்று ஊரை அழைத்தார். வெளிச்சம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யூன் உள்ளேயே இறந்தார். அவரோடு இரவுப் பள்ளியில் தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பார்க் கி-சுன் என்ற பெண் 1978 இறுதியிலேயே கரி அடுப்புப் புகையில் மூச்சுத் திணறி இறந்திருந்தார். 1982-இல் இந்த இருவரின் ஆன்மாக்களுக்கும் ஊரார் திருமணம் செய்து வைத்தார்கள். அதற்காகத் தோன்றியதுதான் அந்தப் பாட்டு. இடையில் சில ஆண்டுகள் பழமைவாத அரசுகள் இந்த விழாவில் அதை எல்லோரும் சேர்ந்து பாடவிடாமல் வைத்திருந்தன. 2017-இல்தான் திரும்ப வந்தது. இருவரும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். இன்று அங்கே பூ வைக்க வரிசையே நின்றது.

நாற்பது மீட்டர் உயர நினைவுத் தூணைக் கடந்தால் கல்லறை வரிசைகள். ஒவ்வொரு கல்லின் முன்னும் ஒரு புகைப்படம். பள்ளிச் சீருடை, கல்யாணக் கோட்டு, அடையாள அட்டைக்கு எடுத்த முறைத்த முகம். அரசுக் கணக்கிலேயே அந்தப் பத்து நாட்களில் 160-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். காணாமல் போய்த் திரும்பாதவர்கள் தனி. அவர்களுக்கு உடல் இல்லாத கல்லறைகள் ஒரு பக்கம் வரிசையாக இருக்கின்றன. படம் கிடைக்காதவர்களுக்கு அந்த இடத்தில் நாட்டின் மலரான செம்பருத்தி வகைப் பூவைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு பையனின் கல்லில் 2021 வரை அந்தப் பூதான் இருந்தது. நான்காம் வகுப்பு மாணவன். மே 24 அன்று ஊருக்கு வெளியே நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தான். அந்த வழியே போன படைவாகனங்களிலிருந்து சுட்டார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். இவன் கழன்று விழுந்த செருப்பை எடுக்கத் திரும்பினான். அவ்வளவுதான். பக்கத்தில் நீர்த்தேக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த இன்னொரு சிறுவனும் அதே படையின் குண்டில் செத்தான். அன்றைக்கே ராணுவத்தின் இரண்டு பிரிவுகள் ஒன்றையொன்று எதிரி என்று நினைத்துச் சுட்டுக்கொண்டன; அந்த ஆத்திரத்தைப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் மேல் தீர்த்தார்கள். 2021-இல் குடும்பத்தின் பழைய படங்களுக்கு நடுவே அந்தப் பையனின் முகம் உள்ள ஒரு படம் கிடைத்தது. குழந்தைகள் தினமான மே 5 அன்று கல்லை மாற்றினார்கள். இன்று பார்த்தேன். கொஞ்சம் கலங்கிய படம், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறான். கல்லின் அடியில் யாரோ சாக்லேட்டும் பால் பொட்டலமும் வைத்திருந்தார்கள்.

நான்காம் வகுப்புப் பிள்ளை எந்த அரசைக் கவிழ்க்கப் போனான்? இதற்குப் பதில் சொல்லாமல் ஒழுங்கு, அமைதி, தேசப் பாதுகாப்பு என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும், எந்த நாட்டு அரசாக இருந்தாலும், எனக்கு அவரோடு பேச ஒன்றுமில்லை.

வெள்ளை உடுத்திய அம்மாக்கள் இருவர் ஒரு கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் சீவிய பேரிக்காயைத் தட்டில் அடுக்கி வைத்து, மகனிடம் பேசுவதுபோல ஏதோ பேசினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று தம்பி சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

2023 மார்ச் கடைசியில் சுன் டூ-ஹ்வானின் பேரன் இங்கே வந்தார். தன் தாத்தா கொலைகாரர், குற்றவாளி என்று வெளிப்படையாகச் சொன்னவர். முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டு, தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கல்லறைகளைத் துடைத்தார். அம்மாக்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். தாத்தாவோ 1996-இல் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 1997 டிசம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தவர். தேச ஒற்றுமைக்காக என்று சொல்லி அந்த மன்னிப்புக்குச் சம்மதித்தவர்களில் அப்போது அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே-ஜங்கும் உண்டு. சுன்னின் ஆட்சி தூக்குத் தண்டனை விதித்த அதே மனிதர். அவருடைய பெருந்தன்மையை மதிக்கிறேன். முடிவு தவறு என்றே நினைக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவனை மன்னிக்க அரசுக்கு என்ன உரிமை? அந்த உரிமை பேரிக்காய் சீவிக்கொண்டிருந்த அந்த அம்மாக்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை. வெளியே வந்த சுன் இன்னும் இருபத்துநாலு ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்தார். அபராதத்தைக் கட்டச் சொன்னபோது தன்னிடம் 2,90,000 வொன் மட்டுமே இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சொன்னார்.

மே 19, திங்கள்

காப்பகம் இன்று விடுமுறை. பழைய மாங்வொல்-டொங் மயானத்துக்குப் போனோம். தேசியக் கல்லறையின் பின்பக்கம், நடந்தே போகலாம். 1997-இல் புதியது கட்டும்வரை எல்லோரும் இங்கேதான் கிடந்தார்கள். 1980 மே 29 அன்று உடல்களைக் குப்பை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு வந்த ஆண்டுகளில் ஆட்சி இந்த இடத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்தது. பணம் தருகிறோம், எலும்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று குடும்பங்களை நெருக்கியது.

புதிய இடம் பளபளப்பாக இருக்கிறது. இது மண்மேடும் புல்லும். எனக்கு இது மனதுக்கு நெருக்கமாக இருந்தது. 1987 ஜூன் போராட்டத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு இறந்த யொன்செய் பல்கலைக்கழக மாணவர் லீ ஹான்-யொல் இங்கே இருக்கிறார். அந்த ஆண்டுதான் சுன் ஆட்சி நேரடி அதிபர் தேர்தலுக்கு இணங்கியது. சற்றுத் தள்ளி ஜூர்கன் ஹின்ஸ்பீட்டரின் நினைவிடம். ஜெர்மன் தொலைக்காட்சியின் டோக்கியோ நிருபர். கிம் சா-பொக் என்ற ஓட்டுநர் சியோலிலிருந்து மே 20 அன்று அவரை உள்ளே கூட்டி வந்தார். எடுத்த படச்சுருளை பிஸ்கட் டப்பாவுக்குள் மறைத்துக் கொண்டுபோனார். உலகம் முதலில் பார்த்த காட்சிகள் அவை. 2016-இல் இறந்த அவருடைய தலைமுடியும் நகமும் அவர் விரும்பியபடி இங்கே புதைக்கப்பட்டிருக்கின்றன.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. ஜெர்மன் கேமராவுக்கு முன்பே அமெரிக்காவுக்குத் தெரியும். கொரியப் படைகளில் ஒரு பகுதி அமெரிக்கத் தளபதியின் கூட்டுக் கட்டுப்பாட்டில் இருந்தது. 20-ஆவது டிவிஷனைக் குவாங்ஜுவுக்கு அனுப்ப வாஷிங்டன் தடை சொல்லவில்லை. 1981 பிப்ரவரியில் ரீகன் வெள்ளை மாளிகையில் சுன்னை விருந்தாளியாக வரவேற்றார். இப்படிப்பட்ட கைகுலுக்கல்களும் அந்தச் சிறுவனின் கல்லறையில் சேரும்.

மயானத்துக்குள் ஏறும் பாதையில் மண்ணோடு மண்ணாக ஒரு கல் பதிந்து கிடக்கிறது. போகும்போதே தம்பி காட்டினார். 1982-இல் பக்கத்துத் தாம்யாங் வட்டாரத்தில் ஒரு கிராமத்தில் சுன் டூ-ஹ்வானும் மனைவியும் ஓர் இரவு தங்கினார்கள். மாட்சிமை மிக்க அதிபர் தங்கிய ஊர் என்று அங்கே ஒரு கல் நட்டார்கள். 1989-இல் குவாங்ஜு மக்கள் போய் அதைப் பெயர்த்து, உடைத்து, இங்கே கொண்டுவந்து வாசலில் புதைத்தார்கள். கல்லறைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதன் மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பதித்த கோடுகள் தெரிகின்றன. எழுத்துகளில் பாதி தேய்ந்துவிட்டன, நாற்பது ஆண்டுகளை நெருங்கும் காலடிகள்.

நாங்கள் திரும்பும்போது ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்தது. ஆசிரியை நின்று விவரம் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மிதித்தார்கள். ஒரு பெண் சுற்றிப் போகப் பார்த்தாள், தோழி கையைப் பிடித்து இழுத்தாள், அவளும் மிதித்தாள். "அக்கா, நீங்க?" என்றார் தம்பி. கல்லை மிதிப்பது, ஒருவர் பெயரின் மேல் கால் வைப்பது எல்லாம் நமக்குப் பழக்கமில்லை. கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற வளர்ப்பு. ஆனால் நேற்றுப் பார்த்த செருப்புப் பையனை நினைத்துக்கொண்டேன். இரண்டு காலையும் வைத்து நன்றாக மிதித்துவிட்டு, 518 பேருந்தைப் பிடித்து ஊருக்குள் வந்தோம்.